ஆட்டம் கண்ட சக்கரங்கள்

குன்னூருக்கு அருகே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக வேலை செய்கிறேன். இலையை வெட்டி நசுக்கும் சி.டி.சி. ரோலர்களைக் கழற்றுவதும், பல் மழுங்கியவற்றை மீண்டும் பல் வெட்டக் கொடுத்து வாங்கிப் பொருத்துவதும், பேரிங் மாற்றுவதும் என் அன்றாட வேலைகள். அந்த வேலையில் கற்றது ஒரு ரிமோட் காரின் சக்கரத்துக்கும் கைகொடுக்கும் என்பதை, என் அக்காள் மகன் கோயம்புத்தூரில் பழையதாக வாங்கிய வண்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட அந்த வண்டி பத்து கிலோ எடை இருக்கும். 26 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின், 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஓட்டுவது. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். பிரேக்கும் பின்பக்கமே பிடிக்கும். டயரின் விட்டம் 170 மில்லிமீட்டர். நைலான் ரிம்மின் நடுவே அறுகோணத் துளை ஒன்று இருக்கும். அது அச்சின் முனையில் உள்ள அலுமினிய அறுகோண ஹப்பில் உட்கார, வெளியிலிருந்து ஒரு பெரிய நட்டு அதை இறுக்கிப் பிடிக்கும். சிறிய ரிமோட் கார்களில் 12 மில்லிமீட்டர், நடுத்தர அளவில் 17, இந்தப் பெரிய வகையில் 24 என்று அந்த அறுகோணத்துக்குப் பரவலாகக் கையாளப்படும் அளவுகள் உள்ளன. எஞ்சினின் விசை முழுவதும் இந்த ஓர் இடத்தின் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது.

இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மேடு ஏறும்போது, "மாமா, எஞ்சின் உறுமுது, வண்டி நகரல" என்று பையன் கூப்பிட்டான். கிளட்ச் போய்விட்டது என்று எண்ணிப் பின்பக்கத்தை முழுவதும் பிரித்தேன். கிளட்சில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஹப்பைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அது ஹப்பின் மேல் தாராளமாகச் சுழன்றது. துளையின் ஆறு மூலைகளும் மழுங்கி, ஏறக்குறைய வட்டமாகவே ஆகியிருந்தன. கிளட்சைப் பிரிப்பதற்கு முன்பு அரை நிமிடம் சக்கரத்தை அசைத்துப் பார்த்திருந்தால் ஒரு மாலைப் பொழுது மிச்சமாகியிருக்கும்.

இந்தத் தேய்மானம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது பார்க்கும் முறை முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. 24 மில்லிமீட்டர் அறுகோணத்தில் நடுப்புள்ளியிலிருந்து பக்கத்துக்கு உள்ள தூரம் 12 மில்லிமீட்டர். மூலைக்கு உள்ள தூரம் 13.86. சக்கரம் ஹப்போடு சேர்ந்து சுற்றுவதற்குக் காரணமாக இருப்பது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள 1.86 மில்லிமீட்டர்தான். நட்டு இறுக்கமாக இருக்கும்வரை, ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்தும் பிடிப்பே விசையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது; நட்டு சற்றுத் தளர்ந்ததும் அந்தச் சுமை முழுவதும் அறுகோணத்தின் மூலைகளில் இறங்குகிறது. மெல்லிய கோடு போன்ற அந்த இடங்களில் அடி விழ விழ நைலான் நசுங்குகிறது. நசுங்கிய அளவுக்கு ஆட்டம் கூடுகிறது, ஆட்டம் கூடக் கூட அடியும் பலமாகிறது.

துளை 24.6 மில்லிமீட்டராக விரிந்துவிட்டால் சக்கரம் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 5 பாகை ஆடும். துளையில் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் டயரின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் அங்கே 7 மில்லிமீட்டருக்கு மேல் அசைவு இருக்கும். ஆகவே நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் கருவி இல்லாதவர்களும் ஆட்டத்தை அறிய முடியும்: ஹப்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறுகையால் டயரின் விளிம்பை அசைத்துப் பாருங்கள். ஹப்பைப் பிடிக்காமல் அசைத்தால் கியரின் ஆட்டமும் பேரிங்கின் ஆட்டமும் சேர்ந்து வந்து ஏமாற்றிவிடும்.

மலையில் இந்தத் தேய்மானம் ஒரு தனி முறையில் நடப்பதை நான் கண்டேன். கோயம்புத்தூரில் மைதானத்தில் மட்டுமே ஓடியதாகப் பையன் சொன்ன மற்றொரு சக்கரத்தில், அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முனைதான் மினுமினுப்பாகத் தேய்ந்திருந்தது. அது எஞ்சின் இழுக்கும் பக்கம். எங்கள் ஊரில் ஓடிய சக்கரத்திலோ இரண்டு முனைகளும் ஒரே அளவில் மழுங்கியிருந்தன. மேடேறும்போது எஞ்சின் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, இறக்கத்தில் பிரேக் எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. இங்கே பத்தடி சமதரை கிடைப்பதே அரிது என்பதால், அந்த அடி மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கிறது. இதோடு எங்கள் செம்மண்ணில் கலந்திருக்கும் மணற்பரல்கள் ஈரத்தோடு ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்துகொண்டால், அரத்தை உள்ளே வைத்து ஓட்டுவதற்குச் சமம். தென்மேற்குப் பருவமழை முடிந்த கையோடு வடகிழக்கு மழையும் வந்துவிடும் ஊரில், சக்கரத்தைக் கழற்றித் துடைக்காமல் வண்டியை அடுத்த வாரம் எடுப்பது பெரிய தவறு. அந்தத் தவறை நாங்கள் இரண்டு மாதம் செய்தோம்.

முதலில் நான் செய்த பழுதுபார்ப்பு தோற்றது. இரண்டு களிம்புகளைப் பிசைந்து ஒட்டும் எப்பாக்ஸியை மழுங்கிய துளையில் நிரப்பி, ஹப்பின் மேல் மெழுகு பூசி, அதையே வார்ப்பு அச்சாக உள்ளே செருகி இரவு முழுவதும் வைத்தேன். டிசம்பர் மாதக் குளிரில் எப்பாக்ஸி இறுகுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும் என்பது தெரிந்ததால், மறுநாளும் அடுப்படியில் கதகதப்பான இடத்தில் வைத்திருந்தேன். பார்வைக்கு அருமையாக அமைந்தது. ஹப்பில் ஏற்றியபோது ஒரு துளி ஆட்டமும் இல்லை. முதல் மேட்டிலேயே பிய்ந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தபோது எப்பாக்ஸி உடைந்திருக்கவில்லை. முழு வளையமாக, அப்படியே கையோடு வந்தது. அதன் வெளிப்புறத்தில், நான் ரிம்மின் உள்ளே உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள்கூட அச்சடித்தாற்போல் பதிந்திருந்தன. ஆனால் நைலானின் ஒரு துணுக்குகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. நைலான் என்பது பசைகளை எளிதில் ஏற்காத பொருள். எப்பாக்ஸி அதன் மேல் படிந்து இறுகும், ஆனால் ஒன்றாகாது. வட்டமாகிவிட்ட துளைக்குள் வட்டமான வளையம் உட்கார்ந்தால், அது சுழலத்தான் செய்யும். சுற்றிலும் துளைகள் போட்டு அவற்றுக்குள்ளும் எப்பாக்ஸியை இறக்கிப் பூட்டுப்போல் செய்தால் கொஞ்ச நாள் தாங்கும். எடை குறைந்த மின்சார வண்டிக்கு அது போதுமாக இருக்கலாம். பத்து கிலோ வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த வளையத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னரிடம் காட்டினேன். என்னைவிட வயதில் மூத்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ரோலர் தேஞ்சா பல்லு மேல பசையவா தடவுறோம்? கடைஞ்சு எடுத்துட்டுப் புதுசா பல்லு வெட்டுறோம்ல?" என்றார். நான் இடைவெளியை அடைக்க முயன்றிருக்கிறேன், பிடிப்பை உண்டாக்க முயலவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலாளரிடம் அனுமதி பெற்று, வேலை நேரம் முடிந்த பிறகு லேத்தைப் பயன்படுத்திக்கொண்டோம்.

எங்கள் திட்டம் இதுதான்: ரிம்மின் உட்புற முகத்தில் 62 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குழியைக் கடைந்து, அதில் அதே அளவுள்ள அலுமினியத் தகடு ஒன்றை உட்காரவைத்து, ஆறு போல்ட்டுகளால் நைலானோடு இறுக்குவது. 24 மில்லிமீட்டர் அறுகோணத் துளை இனி அந்தத் தகட்டில் இருக்கும். தகட்டை ரிம்மின் மேலேயே வைத்து முடுக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் சக்கரம் 6 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்படும், நட்டு பிடிப்பதற்கு மரை போதாமல் போகும். தகட்டின் முகமும் ரிம்மின் பழைய முகமும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். குழி கடைந்த பிறகு ரிம்மின் நடுப்பகுதியில் எவ்வளவு தடிமன் மிஞ்சும் என்பதைத் தொடங்குமுன் அளந்துகொள்ளுங்கள். எங்கள் ரிம்மில் 14 மில்லிமீட்டர் இருந்ததால் 8 மிஞ்சியது. அதைவிட மெல்லிய ரிம் என்றால் தகட்டின் தடிமனைக் குறைக்க வேண்டும், அல்லது இந்த முறையையே விட்டுவிட வேண்டும்.

ரிம்மை லேத்தில் பிடிக்கும்போது தேய்ந்த நடுத்துளையை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அது ஏற்கெனவே மையம் விலகியிருக்கும். டயரின் ஓரம் உட்காரும் விளிம்பைப் பிடித்து, சுற்றும்போது மையம் விலகுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்தோம். நைலானைக் கடைய மிகக் கூரான டூல் வேண்டும். சீவல் துண்டு துண்டாக விழாது, நூல்போல் நீண்டு, ரிம்மைப் பிடித்திருக்கும் லேத்தின் சக்கைச் சுற்றிக்கொள்ளும். லேத்தை நிறுத்திவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும், ஓடும்போது கை வைக்கவே கூடாது. முதல் ரிம்மில் நான் செய்த பிழை, கடைந்த சூட்டோடு அளந்தது. அளந்தபோது குழி தகட்டுக்குச் சரியாக இருந்தது. ஆறிய பிறகு தகடு உள்ளே போகவில்லை. இந்த அளவுள்ள நைலான் சூடேறி ஆறும்போது மில்லிமீட்டரில் கால் பங்கு வரை சுருங்கிவிடுகிறது. பிறகு யோசித்தபோது அதுவே நல்லதாகப் பட்டது: ரிம்மைச் சுடுநீரில் போட்டு விரியவைத்துத் தகட்டை இறக்கினோம். ஆறியதும் அது தகட்டை இறுகக் கவ்விக்கொண்டது. அடுத்த ரிம்மில் வேண்டுமென்றே குழியைச் சற்று இறுக்கமாகக் கடைந்தோம்.

அறுகோணத் துளைதான் பொறுமையைக் கேட்கும் வேலை. பட்டறையில் அறுகோணத் துளை போடும் ப்ரோச் இல்லை. தகட்டின் நடுவே முதலில் 23.5 மில்லிமீட்டர் வட்டத் துளை கடைந்துவிட்டு, மூலைகளை அரத்தால்தான் எடுத்தோம். அளவு பார்ப்பதற்கு எம்16 போல்ட்டின் தலை உதவியது. அந்தப் போல்ட்டின் தலைக்கு 24 ஸ்பேனர் போடுகிறோம் அல்லவா, அதன் பக்கத்துக்குப் பக்கம் உள்ள அளவும் அதே 24தான். கடையில் கிடைக்கும் போல்ட்டின் தலை சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால் அது தொடக்கத்துக்கு மட்டும். கடைசிப் பொருத்தத்தை ஹப்பை வைத்தே பார்க்க வேண்டும். மூலைகளுக்கு முக்கோண அரம் பொருந்தும். அறுகோண மூலையின் கோணம் 120 பாகை, அரத்தின் கோணம் 60. ஆகவே மூலையை ஒரு பக்கம் முடித்து, பின் மறுபக்கம் திருப்பி எடுக்க இடம் இருக்கிறது.

ஹப்பின் ஆறு பக்கங்களிலும் ப்ரஷ்யன் நீலத்தை விரலால் மெல்லப் பூசி, தகட்டுக்குள் செருகி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி பூசிச் செருக வேண்டும். முதலில் இரண்டு மூலைகளில் மட்டும் நீலம் தெரியும், பிறகு மூன்று, பிறகு பக்கங்களின் நடுவே மெல்லிய பட்டையாக. ஆறு பக்கங்களிலும் பட்டை தெரிந்து, கட்டை விரலால் அழுத்தினால் ஹப் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும் நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு தகட்டுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஹப்புக்கும் தகட்டுக்கும் ஓர் அடையாளப் புள்ளி குத்திவைத்தேன், எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு பொருந்தியதோ அதே நிலையில்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றுகிறேன்.

போல்ட்டுகள் எம்4, தலை தகட்டின் மட்டத்துக்குள் புதையும் வகை. மூலைகளுக்கு நேரே தகடு மெலிந்திருப்பதால் இரண்டு மூலைகளுக்கு நடுவே துளையிட்டோம். மறுபக்கம் அகலமான வாஷரும் நைலான் வளையம் உள்ள லாக் நட்டும் போட்டோம். வாஷர் சிறியதாக இருந்தால் அழுத்தத்தில் நைலான் மெல்ல அமுங்கிப் பிடிப்பு குறைந்துவிடும். அகலமான வாஷர் போட்டாலும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை முடுக்கியே ஆக வேண்டும். நான் பார்த்தவரை ஒவ்வொரு நட்டும் கால் சுற்று வாங்கிக்கொண்டது. தகடு ஒன்று நாற்பது கிராம் அளவில்தான் வருகிறது. எடை நடுவிலேயே இருப்பதால் சக்கரம் அதிரவும் இல்லை.

இதையெல்லாம் செய்யுமுன் ஹப்பைப் பார்த்துவிடுங்கள். அலுமினிய ஹப்பின் மூலைகள் மழுங்கியிருந்தால், புது ரிம்மை வாங்கிப் போட்டாலும் அது சில வாரங்களில் பழைய ரிம்மைப் போலவே ஆகிவிடும். ஹப் சிறிய பொருள். அதை மாற்றிவிடுவதே நல்லது. பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் அப்படித்தான்.

டயரைப் பற்றிக் கொஞ்சம். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் டயரின் ஓரத்தை ஒரு வளையம் வைத்துத் திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றுவது எளிது. எங்களுடைய முன்சக்கரங்கள் பசையால் ஒட்டியவை. உடனடியாக ஒட்டும் அந்த வகைப் பசை கொதிநீரில் வலுவிழக்கும் என்பதால், சக்கரத்தைக் கொதிக்கவைத்து டயரை உரிப்பது பலரும் செய்யும் முறை. ஆனால் குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கீழே இருப்பவர்கள் சொல்லும் நேரம் இங்கே போதவில்லை. நாற்பது நிமிடம் வைத்த பிறகே டயரின் ஓரம் கழன்றது. பிரஷர் குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகுமே என்று பையன் கேட்டான். வேண்டாம். டயருக்குள் வைத்திருக்கும் ஃபோம் (மெத்துப் பஞ்சு) கெட்டுவிடும். மேலும் அந்தப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், சமைக்கும் பாத்திரத்தில் அதைச் செய்யவே கூடாது. பழைய டப்பா ஒன்றை வெளியில் விறகடுப்பில் வைத்துச் செய்தேன். அசிட்டோன் ஊற்றினாலும் பசை இளகும், நைலான் அதைத் தாங்கும். ஆனால் ரிம் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவே கரைந்து போகும். எது என்று தெரியாவிட்டால் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

கொதிக்கவைப்பதால் நைலானுக்கு ஒரு நன்மையும் உண்டு. நைலான் நீரை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறினால் வளைந்து கொடுக்கும், வறண்டால் நொறுங்கும் தன்மை கூடும். உறைபனி விழும் ஜனவரி மாதத்தில், வறண்ட காற்றில் கிடந்த ரிம் ஒன்று சிறு கல்லில் மோதியே விரிசல் விட்டது. அந்த விரிசலின் முனையில் 2.5 மில்லிமீட்டர் துளை போட்டதும் அது மேற்கொண்டு ஓடாமல் நின்றது. துளை போடாமல் ஒட்ட மட்டும் செய்திருந்தால் பசையைத் தாண்டி விரிசல் தொடர்ந்திருக்கும்.

ரிம்மிலோ டயரிலோ காற்றுத் துளை இருக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே போகின்றன என்று நான் அதை முழுவதும் அடைத்தேன். அடைத்த நாள் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் இருந்தோம். மறுநாள் மலைப்பாதையில் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து வீடு வந்து சேர்ந்தபோது நான்கு டயர்களும் உப்பி இறுகிப்போயிருந்தன. பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்படியே ஓட்டியிருந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேய்ந்திருக்கும். இப்போது துளையைத் திறந்து, அதன் மேல் உட்புறமாக மெல்லிய துணி ஒட்டியிருக்கிறேன். காற்று போய்வருகிறது, சேறு பெரும்பாலும் வருவதில்லை. மழையில் ஓட்டிய பிறகு சக்கரத்தைக் குலுக்கிப் பார்த்து, ஃபோம் நீர் குடித்துக் கனத்திருந்தால் துளை கீழே வரும்படி வைத்து வடியவிட வேண்டும்.

தகடு போட்ட பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டன. நட்டின் மேலும் ரிம்மின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். ஓட்டத்துக்கு முன்பும், ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்தும் பையன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறான். கோடு இரண்டாக விலகியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி நட்டை முடுக்குகிறான். போன மாதம் சக்கரங்களைக் கழற்றி அளந்தபோது தகட்டின் அறுகோணம் இரண்டிலும் 24.1 மில்லிமீட்டர் காட்டியது, பொருத்தியபோது 24.05 இருந்தது. ஹப்பின் பக்கங்களில் நீலம் பூசிச் செருகினேன். வலப்பக்கச் சக்கரத்தில் ஆறு பட்டைகளும் முழுதாக விழுந்தன, இடப்பக்கத்தில் ஐந்து. ஆறாவது பக்கத்தில் நீலம் ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருக்கிறது. அந்த ஹப்பையும் மாற்றச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்து சேரும்வரை வண்டி பரணில்தான் இருக்கும்.